சின்னப் பெட்டியில் கேமிங் கணினி: பாகங்களை எந்த வரிசையில், எதைப் பார்த்து வாங்குவது

பெரிய டவர் கேஸ் என்றால் பாகங்களைத் தனித்தனியாக யோசித்து வாங்கலாம். எதை வாங்கினாலும் எப்படியாவது உள்ளே போய்விடும். 20 லிட்டருக்குக் குறைவான கேஸில் அந்தச் சலுகை கிடையாது. கூலர் 3 மிமீ உயரமாக இருந்தால் பக்கத் தகடு மூடாது. கிராபிக்ஸ் கார்டு உள்ளே போய்விடும், ஆனால் அதன் கரண்ட் கேபிளை மடக்க இடம் இருக்காது. இங்கே வரும் சிக்கல்களில் பல மட்டமான பொருளால் வருவதல்ல, நல்ல பொருள் இரண்டு ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் வருவது. அதனால் முதலில் அளவைப் பாருங்கள், அடுத்துச் சூட்டை, அதற்கப்புறம் வேகத்தை.

1. பணம் எடுக்கும் முன் அளவுத்தாள்

விற்பனைத் தளத்தில் போட்டிருக்கும் விவரத்தை நம்பி வாங்காதீர்கள். அங்கே "330 மிமீ வரை கார்டு பொருந்தும்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். கேஸ் தயாரிப்பாளரின் தளத்தில் பயனர் கையேடு பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். அதை இறக்கி, கீழே உள்ளவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்:

- கார்டின் அதிகபட்ச நீளம், உயரம், தடிமன்: மூன்றும் தனித்தனியாக
- கூலரின் அதிகபட்ச உயரம்
- பவர் சப்ளையின் அளவு வகை: சிறிய எஸ்எஃப்எக்ஸ், சற்று நீளமான எஸ்எஃப்எக்ஸ்-எல், அல்லது வழக்கமான பெரிய ஏடிஎக்ஸ்
- ஃபேன், ரேடியேட்டர் (திரவக் கூலரின் வெப்பம் வெளியேற்றும் பகுதி) எங்கெங்கே பொருந்தும், அவற்றைப் போட்டால் மேலே உள்ள எந்த அளவு குறையும்

கடைசி வரியில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். "330 மிமீ கார்டு" என்பதும் "240 ரேடியேட்டர்" (120 மிமீ ஃபேன் இரண்டு பொருந்துவது) என்பதும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தும் என்று அதற்கு அர்த்தமில்லை. கையேட்டின் அடிக்குறிப்பில் அந்த நிபந்தனை சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும்.

2. கேஸ்: எத்தனை லிட்டர், எந்த அமைப்பு

லிட்டர் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால் லிட்டர். 380 × 150 × 220 என்றால் 12.5 லிட்டர் வரும். சில தயாரிப்பாளர்கள் கால்களையும் பின்பக்க நீட்டலையும் விட்டுவிட்டுக் கணக்குச் சொல்வதால், மேசையில் பிடிக்கும் இடம் சொன்னதைவிடக் கூடுதலாக இருக்கும்.

அமைப்பு இரண்டு வகை. கார்டு நேரடியாக மதர்போர்டில் செருகப்படும் வழக்கமான அமைப்பு ஒன்று. கூலர் மாஸ்டர் என்ஆர்200 இதற்கு நல்ல உதாரணம், சுமார் 18 லிட்டர். இன்னொன்று சாண்ட்விச் அமைப்பு: நடுவில் ஒரு தட்டு, அதன் ஒரு பக்கம் மதர்போர்டு, மறுபக்கம் கார்டு, இரண்டையும் இணைக்க ரைசர் கேபிள். 10.4 லிட்டர் ஃப்ராக்டல் டெர்ரா அப்படிப்பட்டது. அதில் நடுத்தட்டை நகர்த்தலாம். கார்டுக்கு இடம் கூட்டினால் கூலருக்கு அதே அளவு குறையும்.

முதல்முறை கட்டுகிறவர்களுக்கு 15 முதல் 20 லிட்டர் வரையிலான வழக்கமான அமைப்பைத்தான் சொல்வேன். ரைசர் தொல்லை இல்லை, 120 மிமீ ஃபேன்கள் பொருந்தும், கையை விட்டு வேலை செய்ய இடம் இருக்கும். 10 லிட்டருக்குக் கீழே போனால் ஒவ்வொரு லிட்டரைக் குறைக்கவும் பணமும் சத்தமும் கூடும். மேசையில் இடம் இருந்து, 20 லிட்டருக்குச் சற்று மேலே போனாலும் பரவாயில்லை என்றால் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு ஏற்கும் கேஸைப் பாருங்கள். 244 மிமீ சதுர போர்டு, நான்கு ரேம் இடங்கள், விலையும் கையைக் கடிக்காது.

3. கிராபிக்ஸ் கார்டு: நீளம் மட்டும் போதாது

நீளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். மாட்டிக்கொள்வது மற்ற இரண்டில்.

உயரம் என்பது மதர்போர்டில் செருகும் பக்கத்திலிருந்து கார்டின் மேல்விளிம்பு வரை. கரண்ட் கனெக்டர் பெரும்பாலும் அந்த மேல்விளிம்பில்தான் இருக்கும். கார்டின் உயரம் 140 மிமீ என்றால், கேபிள் நேராக வெளியே வந்து வளைய இன்னும் 30 முதல் 40 மிமீ வேண்டும். பக்கத் தகட்டை அழுத்தி மூடி, "பொருந்திவிட்டது" என்று திருப்திப்படுவது ஆபத்து. 16 முள் கனெக்டரில் கேபிளைக் கனெக்டரை ஒட்டியே மடக்கினால் உள்ளே இருக்கும் தொடர்பு சாய்ந்து, ஒரு சில முட்கள் மட்டும் முழுக் கரண்டையும் சுமக்கும். கனெக்டர் சூடேறி உருகுவதற்கு அது ஒரு காரணம். வெளியே வந்ததும் குறைந்தது 35 மிமீயாவது கேபிள் நேராக இருக்கட்டும்.

தடிமனை ஸ்லாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்லாட் சுமார் 20 மிமீ. இரண்டரை ஸ்லாட் என்றால் 50 மிமீ. ஆனால் "2.5 ஸ்லாட்" என்று பெட்டியில் போட்டுவிட்டு உண்மையில் 53, 55 மிமீ இருக்கும் கார்டுகளும் உண்டு. மில்லிமீட்டர் கணக்கை மட்டும் நம்புங்கள்.

என்விடியா 2024இல் சிறிய கேஸ்களுக்கென்று ஒரு வரையறை கொண்டுவந்தது: நீளம் 304 மிமீ, கேபிள் வளைவையும் சேர்த்து உயரம் 151 மிமீ, தடிமன் 50 மிமீ. இதற்குள் அடங்கும் கார்டுகளையும் கேஸ்களையும் அவர்களே பட்டியலிடுகிறார்கள். ஏஎம்டி கார்டு வாங்கினாலும் இந்த மூன்று எண்களை அளவுகோலாக வைத்துத் தேடலாம்.

அடுத்தது வாட். சின்ன கேஸில் கார்டின் வாட்தான் சூட்டையும் சத்தத்தையும் முடிவு செய்யும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 180 வாட், ஆர்எக்ஸ் 9070 220 வாட், ஆர்டிஎக்ஸ் 5070 250 வாட், ஆர்டிஎக்ஸ் 5080 360 வாட். 10 முதல் 12 லிட்டர் கேஸில் 250 வாட் வரை நிம்மதியாக ஓட்டலாம். அதற்கு மேல் போனால் காற்றோட்டத்தில் ஒரு தவறுக்குக்கூட இடமில்லை. ஒரே சிப்பில் இரண்டு ஃபேன் கார்டும் மூன்று ஃபேன் கார்டும் இருந்தால், கேஸ் அனுமதிக்கும் வரை பெரிய ஹீட்சிங்க் உள்ளதையே எடுங்கள். மெல்லிய கார்டு அதே வாட்டை வெளியேற்ற ஃபேனை வேகமாகச் சுற்றவேண்டியிருக்கும்.

சாண்ட்விச் கேஸ் வாங்குகிறவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இப்போதைய கார்டுகள் பலவற்றில் சர்க்யூட் போர்டு குட்டையாக இருக்கும், கடைசி ஃபேனின் காற்று ஹீட்சிங்கை ஊடுருவிப் பின்பக்கமாக வெளியேறும். சாண்ட்விச் அமைப்பில் அந்தப் பின்பக்கத்தில் நடுத்தட்டுதான் நிற்கிறது. காற்று போக வழியில்லாமல் திரும்பும். நடுத்தட்டில் துளைகளோ சில மில்லிமீட்டர் இடைவெளியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

4. ரைசர் கேபிள்: கருப்புத் திரையின் மூலகாரணம்

கேஸோடு வரும் ரைசர் பிசிஐஇ (கார்டும் மதர்போர்டும் பேசும் இணைப்பு) 3.0வா, 4.0வா, 5.0வா என்று கேட்டு வாங்குங்கள். ரைசர் வெறும் கம்பிதான், தன் வேகத்தை யாருக்கும் சொல்லாது. 5.0 கார்டும் 5.0 மதர்போர்டும் ஒன்றையொன்று பார்த்து 5.0 வேகத்தில் பேச ஆரம்பிக்கும், நடுவில் இருக்கும் 4.0 கேபிளால் தாங்க முடியாது. விளைவு: திரை வராது, அல்லது விளையாட்டின் நடுவே கணினி உறைந்துவிடும். இதைக் கார்டு பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

தீர்வு எளிது: பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) ஸ்லாட் வேகத்தை ஆட்டோவிலிருந்து ஜென் 4க்கு, அதாவது பிசிஐஇ 4.0க்கு, மாற்றவேண்டும். ஆனால் திரை வந்தால்தானே பயாஸுக்குள் போவது? ப்ராசஸரில் உள்கிராபிக்ஸ் இருந்தால் மானிட்டரை மதர்போர்டில் செருகி மாற்றிவிடலாம். ரைசன் 5 7500எஃப் மாதிரி, பெயரில் எஃப் ஒட்டியுள்ள ப்ராசஸர்களில் அது இருக்காது. அப்போது ரைசரைக் கழற்றி, கார்டை நேராக மதர்போர்டில் செருகித்தான் மாற்றவேண்டும். பயாஸை அப்டேட் செய்தாலோ ரீசெட் செய்தாலோ இந்த அமைப்பு மறுபடி ஆட்டோவுக்குப் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சாண்ட்விச் கேஸுக்கு எஃப் ப்ராசஸர் வாங்கி மிச்சப்படுத்தும் பணத்துக்கு நான் மதிப்பே கொடுக்கமாட்டேன்.

5. பவர் சப்ளை: சிக்கனம் பார்க்கக் கூடாத இடம்

எஸ்எஃப்எக்ஸ் அளவு 125 × 63.5 × 100 மிமீ. எஸ்எஃப்எக்ஸ்-எல் அதே உயரம், அகலம், ஆனால் ஆழம் 130 மிமீ. அந்தக் கூடுதல் 30 மிமீதான் பல கேஸ்களில் கேபிள் ஒதுங்கும் இடம். பெரிய ஃபேன் இருப்பதால் எல் வகை சத்தம் குறைவு என்று ஆசைப்பட்டு வாங்கி, கேபிளைத் திணிக்க இடமின்றித் திண்டாடுகிறார்கள். கேஸ் தெளிவாக அனுமதித்தால் ஒழிய எஸ்எஃப்எக்ஸே போதும்.

வாட் கணக்கு: கார்டின் வாட்டோடு ப்ராசஸரின் உச்ச வாட்டைக் கூட்டி, மற்றவற்றுக்கு 60 முதல் 80 வாட் சேர்த்து, வரும் எண்ணை ஒன்றரையால் பெருக்குங்கள். 250 வாட் கார்டு, 88 வாட் ப்ராசஸர், மற்றவை 70 என்றால் 408. ஒன்றரை மடங்கு 612. ஆகவே 650 வாட் சரி. 750 வாங்கினால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், அடுத்த கார்டுக்கும் இடம் இருக்கும்.

80 பிளஸ் கோல்டு, பிளாட்டினம் என்பதெல்லாம் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று. உள்ளே கெப்பாசிட்டர் தரமானதா, பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக வேலை செய்யுமா என்பதை அது சொல்லாது. அதைவிட இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 தரம். கண நேரம் கார்டு இழுக்கும் மின்சார உச்சத்தை, பவர் சப்ளையின் மொத்தத் திறனில் இருமடங்கு வரை, 100 மைக்ரோவினாடிக்குத் தாங்கவேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. 3.1 தரத்தில் 12வி-2×6 கனெக்டர் வரும். அதில் உணர்வு முட்கள் (இணைப்பைக் கார்டுக்குத் தெரிவிக்கும் சிறு முட்கள்) குட்டையாக இருப்பதால் பிளக் முழுதாக உள்ளே போகாவிட்டால் கார்டு கரண்ட் இழுக்காது. இரண்டு, வாரண்டி. நல்ல எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளைகளுக்கு 7 அல்லது 10 ஆண்டுகள் தருகிறார்கள். 2, 3 ஆண்டு என்றால் ஏன் என்று யோசியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாடுலர் (கழற்றி மாட்டக்கூடிய) கேபிள்களை ஒரு பவர் சப்ளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போடவே கூடாது. பிளக் வடிவம் ஒன்றாக இருந்தாலும் பவர் சப்ளை பக்கத்து முட்களின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில நேரம் ஒரே நிறுவனத்துக்குள்ளேயே வேறாக இருக்கும். 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால், அந்தக் கேபிளில் இணைத்த எஸ்எஸ்டி அந்தக் கணமே செத்துவிடலாம். தனியாகக் குட்டைக் கேபிள் செய்து வாங்குவதானால் உங்கள் மாடலின் முழுப்பெயரைக் கொடுத்து வாங்குங்கள்.

6. ப்ராசஸரும் கூலரும் ஒரே முடிவு

பெட்டியில் போட்டிருக்கும் டிடிபி எண் (ப்ராசஸரின் வெப்பத்துக்குக் குறிப்பிடும் வாட்) உண்மையான உச்ச வாட் அல்ல. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் ரைசனில் 65 வாட் என்றால் 88 வரை இழுக்கும், 120 என்றால் 162 வரை. இன்டெல் பக்கம் வித்தியாசம் இன்னும் பெரிது: கோர் ஐ5 14400க்கு அடிப்படை 65 வாட், உச்சம் 148.

விளையாட்டுக்கு மட்டும் என்றால் பயப்படவேண்டாம், ப்ராசஸர் முழு உச்சத்துக்கு அபூர்வமாகத்தான் போகும். 120 வாட் என்று போட்டிருக்கும் ரைசன் 7 7800எக்ஸ்3டி விளையாட்டில் 100 வாட்டுக்குள்ளேயே ஓடும். சின்ன கேஸுக்கு, பெயர் எக்ஸ்3டி என்று முடியும் வகை பொருத்தமாவது இதனால்தான். பணம் குறைவென்றால் ரைசன் 5 7600 போதும். வீடியோ ரெண்டரிங், கோட் கம்பைல் போன்றவையும் செய்வதானால் உச்ச வாட்டை வைத்தே கூலர் தேடுங்கள்.

கூலர் உயரத்தைத் தோராயமாக இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். 37 மிமீ நாக்டுவா என்எச்-எல்9ஏ போன்றவை 65 வாட் ப்ராசஸருக்கு. 47 மிமீ தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 வகை அதற்குச் சற்று மேலே. 70 மிமீ இடம் இருந்தால் என்எச்-எல்12எஸ் மாதிரி 120 மிமீ ஃபேன் கூலர் வரும், சத்தம் கேட்கிற அளவு குறையும். ஃபேனுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே 2, 3 மிமீ மட்டும் விட்டால் காற்று உள்ளே போகத் திணறி, சீட்டி அடிப்பது போல் சத்தம் வரும். குறைந்தது 8, 10 மிமீ விடுங்கள்.

திரவக் கூலர் தேவையா? 240 ரேடியேட்டர் 27 மிமீ, அதன்மேல் ஃபேன் 25 மிமீ, ஆக 52 மிமீ தடிமன் ஒதுக்கவேண்டும். பம்ப் ப்ராசஸர் மேலேயே இருக்கும் வகையில், ரேடியேட்டரைக் கேஸின் அடியில் போட்டால் பம்ப்தான் உயரமான இடமாகிவிடும். காற்றுக்குமிழ் அங்கே போய்ச் சேர்ந்து களகளவென்று சத்தம் வரும், ஆயுளும் குறையும். இன்னொன்று: காற்றுக் கூலர் கீழ்நோக்கி ஊதும்போது மதர்போர்டின் மின்சீராக்கிப் பகுதியும் குளிரும். திரவக் கூலரில் அந்தக் காற்று இல்லை.

7. மதர்போர்டு

மினி ஐடிஎக்ஸ் போர்டு 170 மிமீ சதுரம். கார்டுக்கு ஒரே ஸ்லாட், ரேமுக்கு இரண்டே இடம். ஆர்டர் போடும் முன் இவற்றை எண்ணிப் பாருங்கள்: ஃபேன் கனெக்டர் எத்தனை (பெரும்பாலும் மூன்றுதான்), கேஸின் முன்பக்க டைப்-சி துளைக்கு வேண்டிய கனெக்டர் உண்டா, எம்.2 இடங்கள் (எஸ்எஸ்டி செருகுபவை) முன்னே எத்தனை பின்னே எத்தனை, எம்.2 ஹீட்சிங்கின் உயரம் உங்கள் கூலரில் இடிக்குமா. கடைசிக் கேள்விக்குக் கூலர் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் பதில் கிடைக்கும். போர்டின் மாடல் பெயரைப் போட்டால் எந்தத் திசையில் மாட்டலாம் என்பது வரை சொல்வார்கள்.

ப்ராசஸர் புதிது, போர்டு பழைய இருப்பு என்றால் பயாஸ் அப்டேட் இல்லாமல் ஓடாது. யுஎஸ்பி மூலம் ப்ராசஸர் இல்லாமலே அப்டேட் செய்யும் பொத்தான் இருக்கும் போர்டை எடுங்கள்.

8. ரேம், எஸ்எஸ்டி

இரண்டே இடம் என்பதால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. 16 ஜிபி இரண்டு, மொத்தம் 32, ஒரே கிட்டாக. ஏஎம்5க்கு டிடிஆர்5 6000 (வேகம்), சிஎல்30 (தாமத எண்). ஹீட்சிங்க் இல்லாத ரேம் சுமார் 31 மிமீ உயரம், விளக்கு மின்னும் ரேம் 40ஐத் தாண்டும். கூலரின் விளிம்பு ரேம் மேல் வருமானால் விளக்கு வேண்டாம்.

எஸ்எஸ்டி பிசிஐஇ 4.0, டிஎல்சி வகை (ஒரு செல்லில் மூன்று பிட் சேமிப்பது), 5 ஆண்டு வாரண்டி இருந்தால் போதும். 5.0 டிரைவ்கள் அதிகம் சூடேறுபவை, விளையாட்டில் கண்ணுக்குத் தெரியும் லாபம் இல்லை. போர்டின் பின்பக்கத்தில் போடுவதானால் ஒருபக்கம் மட்டும் சிப் உள்ளதாக வாங்குங்கள். அங்கே காற்றும் இல்லை, தடிமனுக்கு இடமும் இல்லை.

9. பணத்தை எப்படிப் பிரிப்பது

மொத்தத்தில் 40 முதல் 45 சதவீதம் கார்டுக்கு. ப்ராசஸரும் கூலரும் சேர்ந்து 20. மீதியில் போர்டு, பவர் சப்ளை, கேஸ் மூன்றும் பெரிய கணினியைவிடக் கூடுதல் பங்கு கேட்கும், ஏனென்றால் அதே வசதியுள்ள ஐடிஎக்ஸ் போர்டும் எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளையும் பெரிய அளவினதைவிட விலை அதிகம். இந்தக் கூடுதலைச் சமாளிக்கப் பவர் சப்ளையில் கை வைக்காதீர்கள். கார்டில் ஒரு படி இறங்குங்கள். கேஸ் விலையில் ரைசரும் ஃபேன்களும் அடங்கியிருக்கிறதா என்று பார்த்து ஒப்பிடுங்கள். விலை குறைவாகத் தெரியும் கேஸுக்கு இரண்டையும் தனியே வாங்கினால் கணக்கு தலைகீழாகிவிடும். மெல்லிய 15 மிமீ ஃபேன், ஃபேன் பிரிப்பான் கேபிள், தெர்மல் பேஸ்ட் ஆகியவற்றுக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

10. எப்போது வாங்குவது, எதைப் பத்திரப்படுத்துவது

திருப்பித் தரும் காலக்கெடு பெரும்பாலும் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். தள்ளுபடியில் கிடைத்ததே என்று கார்டை மூன்று மாதம் முன்பே வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தால், அது பழுதாக இருந்தாலும் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு போயிருக்கும். முதலில் கேஸை வாங்கி, உள்ளே டேப் வைத்து அளந்துவிடுங்கள். மற்ற அனைத்தையும் ஒரே வாரத்துக்குள் வந்துசேரும்படி ஆர்டர் போடுங்கள்.

ரசீதுகளை ஒரே கோப்பில் சேமியுங்கள். ரசீதில் மாடல் பெயர் முழுதாக இருக்கிறதா, வரிசை எண் இருந்தால் பெட்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பிரித்த அன்றே பாருங்கள். கார்டு, போர்டு, பவர் சப்ளை, எஸ்எஸ்டி ஆகியவற்றின் வரிசை எண் ஸ்டிக்கரை மாட்டும் முன் போட்டோ எடுங்கள். பவர் சப்ளையின் ஸ்டிக்கர் கேஸுக்குள் போனபின் கண்ணில் படாது, வாரண்டிக்காக முழுக் கணினியையும் பிரிக்கவேண்டிவரும். பழைய கார்டு வாங்குவதானால் முதல் ரசீதையும் கேட்டு வாங்குங்கள், வாரண்டி இரண்டாவது ஆளுக்குச் செல்லுமா என்பதை நிறுவனத்திடம் உறுதிசெய்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

11. கேஸுக்குள் போடும் முன் சோதனை

மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலேயே போர்டை வைத்து, ப்ராசஸர், கூலர், ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை மட்டும் (உள்கிராபிக்ஸ் இல்லாத ப்ராசஸர் என்றால் கார்டையும்) மாட்டி இயக்குங்கள். டிடிஆர்5 ரேம் முதல்முறை தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கருப்பாகவே இருக்கும். பதறி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். 15 நிமிடம் தொடாமல் விடுங்கள்.

பயாஸ் வந்ததும் ரேமின் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பை (பெட்டியில் போட்ட வேகத்தில் ரேமை ஓட்டுவது) இயக்கி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிவிடுங்கள். பிறகு கார்டைச் சேர்த்து ஒரு மணி நேரம் சுமையேற்றிப் பாருங்கள்.

கேஸில் மாட்டியபின் அதே சோதனையை இரண்டு முறை செய்யுங்கள்: பக்கத் தகடுகள் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் ப்ராசஸர், கார்டு, எஸ்எஸ்டி மூன்றின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மூடியபின் 10 டிகிரிக்கு மேல் கூடினால் சூடான காற்று வெளியேற வழியில்லை என்று பொருள். மேலே உள்ள ஃபேன்கள் வெளியே தள்ளுகின்றனவா, கேபிள் கட்டு எதுவும் காற்றுவழியை அடைத்து நிற்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகும் கார்டு 80 டிகிரியைத் தாண்டிச் சத்தம் போட்டால், அதன் மின்வரம்பை 85 சதவீதத்துக்கு இறக்குங்கள். குறைகிற வேகம் சில சதவீதம்தான், ஃபேன் சத்தத்தில் வித்தியாசம் உடனே கேட்கும். இதையெல்லாம் திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்கு மூன்று நாள் முன்பாவது முடித்துவிடுங்கள், காலிப் பெட்டிகளை அதுவரை தூக்கிப்போடாதீர்கள்.